ஒரு தந்தையின் துணிவு: நீதிபதி பத்ருத்தீன் தையப்ஜியும் அவர் குடும்பமும்

பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் அமைந்திருக்கும் பாலசமுத்திரத்தை வாசகர்களில் பலர் அறிவீர்கள். பாளையக்காரர் காலத்துப் பழைய ஊர். அங்கு நின்று நிமிர்ந்து பார்த்தால் கண்முன் எழுந்து நிற்பது கொடைக்கானல் மலைத்தொடர். அம்மலைமுகட்டைக் கடந்து மேற்கே இறங்கினால் அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கும், சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற மறையூரும் வரும். 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த மறையூரில் பம்பாயிலிருந்து வந்த முஸ்லிம் பெருமகனார் ஒருவர் முகாமிட்டிருந்தார். அவருடைய வேலை வணிகமும் அன்று. அரசாங்க உத்தியோகமும் அன்று. திருவிதாங்கூர், கொச்சி நாடுகளில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்று கண்டறிந்து குறித்துவைக்க வந்தவர் அவர். பெயர் சாலிம் அலி.

பறவைகளை எண்ணிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்த ஒருவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எதற்குப் பேச்சு என்று நீங்கள் நினைக்கக் கூடும். அவரைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. அவரை வளர்த்து ஆளாக்கிய குடும்பத்தைப் பற்றியும், அக்குடும்பத்தின் பெயரை நாடறியச் செய்த வழக்கறிஞர் ஒருவரைப் பற்றியுமே இன்று சொல்ல விழைகிறோம். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்த சாலிம் அலியைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தவர் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி. மாமனுக்கும் மாமி ஹமீதா பேகத்துக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது உண்ணத் தக்கதுதானா என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது. மாமனிடம் கொண்டுபோய்க் காட்டினான். மாமன் அதட்டவில்லை, தமக்குத் தெரிந்ததுபோல் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து, போய்க் கேட்டு வா என்று அனுப்பினார். பிற்காலத்தில் உலகம் போற்றிய பறவையியல் அறிஞர் உருவான கதையின் முதல் வரி அந்தக் கடிதம்தான்.

தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்கவேண்டும் என்னும் அந்தப் பழக்கம் அக்குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

குஜராத்தின் கம்பாயத்துத் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த குடும்பம் அது. அரபுநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற வழிவழிச் செய்தியும் அவர்களுக்கு உண்டு. அக்குடும்பத்தில் 1803ஆம் ஆண்டு பிறந்தவர் தையப் அலி. தம் சொந்த முயற்சியால் வணிகத்தில் உயர்ந்தவர். ஐரோப்பியரோடு கொள்வதும் கொடுப்பதும் அவருக்கு அன்றாட வாழ்க்கை. ஆங்கிலம் தெரியாமல் வெளிநாட்டு வணிகம் செய்வோர் எத்தனை இடங்களில் பிறரை நம்பிக் கிடக்க வேண்டியிருந்தது என்பதைத் தம் அனுபவத்திலேயே கண்டவர். மார்க்கக் கல்வியிலும் பற்றுடையவர். முல்லா என்ற பட்டம் அவர் பெயரோடு சேர்ந்தே வழங்கிற்று. அவர் பெயரே மக்களுக்குக் குடும்பப் பெயராகி, மரியாதைக்குரிய ஜி என்னும் விகுதியுடன் தையப்ஜி ஆயிற்று.

இங்கே வாசகர்கள் அந்தக் காலத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் படிப்பவன் மார்க்கத்தை விட்டு விலகிவிடுவான் என்று முஸ்லிம் வீடுகளில் பெரியவர்கள் உண்மையாகவே அஞ்சிய காலம். அந்த அச்சத்தைக் கேலி செய்வது நமக்கு முறையாகாது. பாதிரிமார் பள்ளிக்கூடங்களே பெரும்பாலும் ஆங்கிலம் கற்பித்தன. ஆட்சி வேற்றாரிடம் போய்விட்டது. எஞ்சியிருந்தது மார்க்கம் ஒன்றே என்று அவர்கள் கருதினார்கள். நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்களிலும், பழனி, திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் வீடுகளிலும் பாட்டனார் காலத்துக் கதைகளைக் கேட்டால் இதே அச்சத்தை நீங்களும் கேட்கலாம். அத்தகைய காலத்தில் தையப் அலி தம் மகன்களை ஆங்கிலம் படிக்க வைத்ததோடு நில்லாமல், கப்பலேற்றி ஐரோப்பாவுக்கே அனுப்பினார். ஆனால் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மத்ரஸா, அங்கே உருதுவும் பாரசீகமும் மார்க்கமும். அதன் பிறகே ஆங்கிலப் பள்ளி. குஜராத்தி பேசி வந்த குடும்பம், ஏனைய இந்திய முஸ்லிம்களோடு கலந்து பழக வேண்டும் என்பதற்காக உருதுவை வீட்டு மொழியாக மாற்றிக்கொண்டதும் அவர் காலத்தில்தான். ஒரு வீடு தன் தாய்மொழியையே மாற்றிக்கொள்வது சாதாரணச் செய்தியன்று. அது சரியா தவறா என்பதில் நமக்குக்கூட ஐயம் உண்டு. தமிழை வீட்டில் பேணிக்கொண்டே அரபியும் ஆங்கிலமும் கற்ற குடும்பங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. எனினும், முடிவு செய்தால் வீடு முழுவதும் அதில் நிற்கும் என்பது அக்குடும்பத்தின் இயல்பாக இருந்தது.

மகன்களில் கமருத்தீன் இளம் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றார். 1858ஆம் ஆண்டு அங்கே சொலிசிட்டராகப் பதிவு பெற்ற முதல் இந்தியர் அவரே. சொலிசிட்டர் என்பதற்கும் பாரிஸ்டர் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுவோம். கட்சிக்காரர் முதலில் நாடிச் செல்வது சொலிசிட்டரை. அவர் பத்திரங்களைப் பார்த்து, வழக்கை வகைப்படுத்தி, நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும் பொறுப்பைப் பாரிஸ்டரிடம் ஒப்படைப்பார். பம்பாய், சென்னை, கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் நெடுங்காலம் இந்த ஏற்பாடு நடந்தது. ஆகவே அண்ணன் சொலிசிட்டராகிவிட்ட வீட்டில், தம்பி பாரிஸ்டராகலாம் என்ற எண்ணம் தோன்றியது இயல்பே. அந்த எண்ணத்தைப் பதினைந்து வயதுத் தம்பியின் மனத்தில் விதைத்தவரும் கமருத்தீன்தான். அத்தம்பியே நம் வரலாற்றின் நாயகர் பத்ருத்தீன்.

1844ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பம்பாயில் பிறந்தார் பத்ருத்தீன். மத்ரஸாவில் உருதும் பாரசீகமும் பயின்று, எல்பின்ஸ்டன் கல்விச்சாலையில் சேர்ந்தார். இளமையிலேயே கண் நோய் அவரைத் தொடர்ந்தது. சிகிச்சைக்காகப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1860இல் இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு. 1863இல் லண்டன் பல்கலைக்கழகத்திலும், மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். அதே 1863இல் தந்தையார் தையப் அலி காலமானார். மகன் பாரிஸ்டராவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கண்பார்வை மேலும் மங்கவே, 1864ஆம் ஆண்டு இறுதியில் பத்ருத்தீன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பம்பாய்க்குத் திரும்ப நேர்ந்தது.

கண் தெரியாதவனுக்கு ஏன் சட்டம், வீட்டு வணிகத்தைப் பார்க்கட்டும் என்று அண்ணன்மார் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். தந்தையும் இல்லை. ஆனால் ஓராண்டு கழித்து, 1865இன் இறுதியில், பத்ருத்தீன் மீண்டும் மிடில் டெம்பிளில் இருந்தார். 1867 ஏப்ரலில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். அதுவரை அந்நீதிமன்றத்தில் பாரிஸ்டர்கள் அனைவரும் வெள்ளையர்கள். முதல் இந்தியப் பாரிஸ்டர் இவர். வயது இருபத்து மூன்று.

தொழிலில் அவர் உயர்ந்த வகையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாதத் திறமை, உழைப்பு, அண்ணனின் துணை எல்லாம் சேர்ந்து சில ஆண்டுகளில் அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தன. 1873இல் பம்பாய் நகராட்சியில் உறுப்பினர், 1875 முதல் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில், 1882இல் சட்டமன்றத்தில். 1885இல் பிரோஸ்ஷா மேத்தா, காசிநாத் திரியம்பக் தெலாங் ஆகியோருடன் சேர்ந்து பம்பாய் மாகாணச் சங்கத்தை நிறுவினார். ஒரு பார்சி, ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என மூன்று வழக்கறிஞர்கள் கைகோத்து நின்றதை அந்நகர மக்கள் பெருமையோடு பேசினார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம் உள்ளத்தைக் கவர்வது 1874இல் அண்ணனும் தம்பியும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய அஞ்சுமனே இஸ்லாம் என்னும் கல்விச் சங்கம். தந்தையார் தம் பிள்ளைகளுக்குச் செய்ததை ஊரார் பிள்ளைகளுக்கும் செய்யவேண்டும் என்பதே அதன் கருத்து. 1880இல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். குர்ஆன் ஓதலும் உருதும் ஒருபுறம், ஆங்கிலமும் கணிதமும் மறுபுறம். இரண்டும் ஒரே கூரையின் கீழ். 1893இல் பம்பாயின் பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே கம்பீரமான கட்டடம் எழுந்தது. இன்றும் அங்கே நிற்கிறது. பம்பாய் செல்லும் வாசகர்கள் ரயிலைவிட்டு இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டு வரலாம். தனி வண்டி வேண்டியதில்லை!

இனிச் சென்னைக்கு வருவோம். ஏனெனில் பத்ருத்தீன் தையப்ஜியின் பெயர் நாடெங்கும் பரவியது நம் தலைநகரில்தான். 1887ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாம் மாநாடு சென்னையில், ஆயிரம்விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் கூடியது. முதல் மாநாட்டுக்கு உமேஷ் சந்திர பானர்ஜியும், இரண்டாவதற்குத் தாதாபாய் நவ்ரோஜியும் தலைமை தாங்கியிருந்தனர். மூன்றாவதற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பத்ருத்தீன். காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர். வரவேற்புக் குழுவின் தலைவர் சர் டி. மாதவராவ். பிரதிநிதிகள் 607 பேர்.

இம்மாநாட்டில் தமிழர்களாகிய நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. செலவுக்கான பணம் பெரிய மனிதர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரை எளியவர்கள் கொடுத்த சிறு தொகைகளே 5,500 ரூபாய் அளவுக்குச் சேர்ந்தன. காங்கிரஸ் என்றால் என்ன என்பதை வினா விடையாகத் தமிழில் விளக்கும் சிறு நூல் ஒன்று பல்லாயிரக்கணக்கில் பரவியிருந்தது. தஞ்சையிலிருந்து வந்த தச்சர் ஒருவர் மேடையேறித் தமிழில் பேசினார். தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்த பம்பாய் பாரிஸ்டருக்கு அம்மொழி புரிந்திராது. ஆனால் பட்டம் பெற்ற வக்கீல்கள் நிரம்பிய சபையில் ஒரு தொழிலாளி எழுந்து நிற்பதன் பொருள் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

தலைமையுரையில் அவர் வற்புறுத்திய கருத்து, நாட்டின் பொதுக் காரியங்களிலிருந்து முஸ்லிம்கள் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை என்பதாகும். அதே வாரத்தில், டிசம்பர் 28ஆம் நாள், வடக்கே இலட்சுமணபுரியில் மற்றொரு பெரியவர் இதற்கு நேர்மாறான கருத்தை முழங்கிக்கொண்டிருந்தார். அவர் அலிகார் கல்லூரியின் தந்தை சர் சையித் அஹ்மத் கான். கல்வியில் பின்தங்கியுள்ள முஸ்லிம்கள் இப்பொழுது அரசியலில் இறங்கினால், படிப்பில் முந்திவிட்ட பெரும்பான்மையினரால் அமுக்கப்பட்டுவிடுவார்கள். முதலில் படிப்பு, பிறகு மற்றவை என்பது அவருடைய நிலை. சமுதாயத்தின் கல்விக்காக உயிரைத் தேய்த்த இருவர், ஒருவர் மேல் ஒருவர் மதிப்புடையவர்கள், எதிரெதிரே நின்றார்கள். 1888இல் இருவருக்குமிடையே கடிதங்கள் நடந்தன. கடுஞ்சொல் இல்லை, ஆனால் இணக்கமும் ஏற்படவில்லை.

பத்ருத்தீன் இதற்கு வழக்கறிஞருக்கே உரிய வழியொன்றைக் கண்டார். இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஏறக்குறைய ஒருமனதாக எதிர்க்கும் எந்தப் பொருளையும் காங்கிரஸ் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாகாது என்பதே அது. 1888இல் அலகாபாத் மாநாடு இதைத் தீர்மானமாக ஏற்றது. வெளியே நின்று அஞ்சுவதைவிட உள்ளே சென்று விதியாலே பாதுகாப்புத் தேடிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். எனினும், மனிதருக்குத் தளர்ச்சி வராமலில்லை. முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் விலகியே நிற்பதைக் கண்டு, காங்கிரஸ் கூட்டங்களை ஐந்தாண்டுகளேனும் நிறுத்திவைப்பது நலமென்று அவரே அவ்வாண்டு இறுதியில் ஹ்யூம் துரைக்கு எழுதினார். பிற்கால வரலாற்று நூல்களில் சிலர் இதை மறைத்து எழுதுவார்கள். சிலர் இதை மட்டுமே எடுத்துக்காட்டுவார்கள். சென்னையில் அவர் கொண்டிருந்த நம்பிக்கையும் உண்மை. ஓராண்டுக்குள் வந்த கவலையும் உண்மை. இரண்டையும் வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

1895இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்பதவியில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர். இரண்டாண்டுகளில் ஒரு சோதனை வந்தது. 1897இல் பால கங்காதர திலகர் இராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். ஜாமீன் கேட்டு முன்னர் செய்த முயற்சிகள் தோற்றன. விண்ணப்பம் மீண்டும் பத்ருத்தீன் முன் வந்தது. திலகரின் அரசியல் போக்குக்கும் இவருடைய போக்குக்கும் வெகுதூரம். பிளேக் நோய்க் காலக் கொலைகளால் வெள்ளை அதிகாரிகள் கொதித்திருந்த நேரம் வேறு. ஆயினும் ஜாமீன் வழங்கினார். குற்றம் உண்டா இல்லையா என்பது விசாரணையில் முடிவாக வேண்டிய செய்தி. அதற்கு முன் ஒருவனைத் தன் வழக்கை நடத்திக்கொள்ள முடியாதபடி அடைத்துவைப்பது முறையன்று என்னும் சட்டநெறியையே அவர் பார்த்தார். 1902இல் பம்பாயின் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் அவரே.

நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்குள் வருவோம். மனைவியார் பெயர் ராஹத்துன் நப்ஸ். பிள்ளைகள் பலர். ஆண்மக்களைப் படிக்கவைப்பதே அரிதாயிருந்த காலத்தில் பெண்மக்கள் அனைவரையும் படிக்கவைத்தார். 1904இல் மகளிர் இருவரை இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். வீட்டுப் பெண்கள் வெளியுலகைக் காணாமல் அடைபட்டுக் கிடப்பதை மார்க்கம் கட்டளையிடவில்லை என்பது அவர் கருத்து. சமுதாயத்தில் இதை ஏற்றவரும் இருந்தனர்; முகம் சுளித்தவரும் இருந்தனர்.

அக்குடும்பத்தார் கடைப்பிடித்த ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அக்பார் கிதாப், அதாவது செய்திப் புத்தகம் என்று ஒரு பெரிய ஏடு வைத்திருப்பார்கள். அது ஒருவருடைய நாட்குறிப்பன்று. வீட்டார் எல்லாருக்கும் பொது. தந்தை எழுதுவார், தாய் எழுதுவார், மருமகள் எழுதுவாள், எழுத்துக் கற்ற குழந்தையும் எழுதும். விருந்துக்கு வந்த உறவினரும் நான்கு வரி எழுதிவிட்டுப் போவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார். சமையலறையும் முற்றமுமாகவே பொழுதைக் கழித்த பெண்கள், தாம் எழுதுவதையும் படிக்க ஆளுண்டு என்ற நினைவோடு உருதுவில் எழுதிப் பழகினார்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்த ஏடு அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டுப் புத்தகமும் மைக்கூடும்தான்.

அந்த ஏடுகளில் எழுதிப் பழகிய உறவுக் கிளைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பாருங்கள். அதிய்யா பைஸீ 1906இல் ஆசிரியப் பயிற்சிக்காகத் தனியே லண்டன் சென்று, அங்கிருந்து எழுதிய குறிப்புகளை உருதுப் பயண நூலாக்கினார். மகாகவி இக்பாலும் மௌலானா ஷிப்லியும் அவருடைய அறிவை மதித்தவர்கள். ஐதராபாத்தில் வாழ்க்கைப்பட்ட அமீனா ஹைதரி, 1908இல் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்தை அழித்தபோது துயருற்றோர்க்குச் செய்த தொண்டால் புகழ்பெற்றார். பெயரனின் தலைமுறையில் பிறந்த கமிலா தையப்ஜி ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்று லண்டனில் வழக்கறிஞராக விளங்கி, நாடு திரும்பி, 1968இல் பம்பாயில் ஏழைப் பெண்களுக்குத் தொழில் கற்பிக்கும் அறக்கட்டளையை நிறுவினார்.

பத்ருத்தீனின் மகன் பைஸ் தையப்ஜியைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டியவர். முஸ்லிம் சட்டம் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட நூல், நீதிமன்றங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெருமையைப் பெற்றது. தந்தையார் மாநாட்டுத் தலைவராக வந்த அதே சென்னைக்கு, 27 ஆண்டுகளுக்குப் பின் மகன் உயர் நீதிமன்ற நீதிபதியாக வந்தார். 1914, 1915ஆம் ஆண்டுகளின் சென்னைத் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டும் வழக்கறிஞர்கள் சதாசிவ ஐயர் பெயருக்கு அருகே தையப்ஜி என்ற பெயரையும் காண்பார்கள். வக்ஃபு, வாரிசுரிமை, மஹர் என்று நம் வீட்டுச் சொத்துக்களின் கதி நிர்ணயமாகும் வழக்குகளில், மார்க்க நூலையும் ஆங்கிலச் சட்டத்தையும் ஒருசேரக் கற்றவரின் தேவை எத்தகையது என்பதை, பாகப்பிரிவினைக்காக நீதிமன்றப் படியேறிய எந்தக் குடும்பமும் அறியும்.

அத்துறையிலேயே மேலும் புகழ்பெற்றவர் அக்குலத்து ஆஸப் பைஸீ. பம்பாய்ச் சட்டக் கல்லூரியின் முதல்வராயிருந்தார். சுதந்திரத்துக்குப் பின் எகிப்துக்கு இந்தியத் தூதரானார். காஷ்மீர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். முஸ்லிம் சட்டம் பற்றி 1949இல் அவர் வெளியிட்ட நூல் சட்ட மாணவர்கள் கையில் இன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் இடையே, முன்னோர் தையப் அலி எழுதிவைத்த தன்வரலாற்றையும் 1960களில் பதிப்பித்து வெளியிட்டார். மூலவரை மறக்கவில்லை.

குடும்பம் முழுவதும் ஒரே கருத்துடையதாயிருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மகளின் வயிற்றுப் பெயரன் தானியால் லத்தீபி, 1985இல் தீர்ப்பான ஷா பானு வழக்கில் அந்த மூதாட்டியின் பக்கம் நின்று வாதாடிய வழக்கறிஞர். அத்தீர்ப்பு நம் சமுதாயத்தில் எழுப்பிய கொந்தளிப்பை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அவரை ஏற்காதவர் பலர். பிறகு வந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அவரே மனுதாரராகி உச்ச நீதிமன்றம் சென்றார். அவர் மறைந்தபின் 2001இல் வந்த தீர்ப்பு, அச்சட்டம் செல்லும் என்றும், விவாகரத்துப் பெற்ற பெண்ணுக்கு எதிர்காலத்துக்கும் போதிய வகை செய்வது முன்னாள் கணவனின் கடமை என்றும் கூறியது. எதிர்க்கருத்துடையோரும் அவருடைய சட்டப் புலமையை மறுத்ததில்லை.

அப்பாஸ் தையப்ஜியின் கதையோ வேறு வகை. பத்ருத்தீனின் அண்ணன் மகன். மகள் அமீனாவை மணந்த மருமகனும் அவரே. இங்கிலாந்தில் படித்து, பரோடா சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். ஆங்கில உடை, ஆங்கில நடை, ஆங்கில அரசின் மேல் அசையாத நம்பிக்கை. ஓய்வுபெற்று அமைதியாக இருந்தவரை 1919இன் பஞ்சாப் படுகொலை வெளியே இழுத்தது. ஜாலியன்வாலா பாக் கொடுமையை விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்தியடிகள், சித்தரஞ்சன் தாஸ் ஆகியோருடன் அவரும் உறுப்பினர். குழுவின் செயலாளர் லாகூரில் வழக்கறிஞராயிருந்த தமிழர் கே. சந்தானம் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. நூற்றுக்கணக்கான சாட்சிகளை நேரில் கேட்டார் அந்த முதிய நீதிபதி. வாழ்நாளெல்லாம் சாட்சியம் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர் இம்முறை தம் நம்பிக்கைக்கே தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. சீமைத் துணிகளைத் துறந்தார், கதர் உடுத்தினார், மாட்டு வண்டியிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் குஜராத் கிராமங்களைச் சுற்றினார். 1930 மே மாதம் காந்தியடிகள் கைதானதும், உப்புச் சத்தியாக்கிரகத்தில் தராசனாவை நோக்கிச் செல்லும் தொண்டர்களுக்குத் தலைமை ஏற்றவர் அவர். வயது எழுபத்தாறு. கைதாகி மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அமீனா அம்மையார் மதுக்கடை மறியலில் பெண்களோடு நின்றார். அவர்கள் மகள் ரைஹானா காந்தியடிகளின் ஆசிரமத்தில் பாடிய பக்திப் பாடல்களால் அறியப்பட்டவர்.

இவற்றையெல்லாம் காணப் பத்ருத்தீன் இருக்கவில்லை. விடுப்பில் லண்டன் சென்றிருந்தபோது 1906 ஆகஸ்டில் மாரடைப்பால் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். கண் மங்கிய இளைஞனாய்ப் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பிய அதே நகரம். வயது அறுபத்தொன்று.

அப்பொழுது பம்பாயில், அமீருத்தீனின் கேத்வாடி வீட்டில், சாலிம் அலிக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து மறையூருக்கு வந்ததை முதலிலேயே சொன்னோம். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. பிற்காலத்தில் நாகூர், வேதாரணியம் பக்கத்துக் கோடிக்கரையில் குளிர்காலத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பறவைகளின் கூட்டத்தைக் கண்டு, அவ்விடத்தைப் பாதுகாக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். 1967இல் கோடிக்கரை சரணாலயமாயிற்று. 1976இல் பத்மவிபூஷண் விருது, 1985இல் மாநிலங்களவை. 1987 ஜூனில் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, கோவைக்கு அருகே ஆனைக்கட்டி மலைச்சரிவில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று அமைந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் அங்கே ஆய்வு செய்து பட்டம் பெற்றிருக்கிறார்கள்.